ஆறு இதழ்

இன்ஜினைக் கிளப்பியதும் முன்னே பார்க்காதே.
பின்பக்கம் போ. குனி.
புகைக்குழாய் துப்புகிறதா என்று பார்.
ஒரு மிடறு ஏரியைக் குடித்து
ஒரு மிடறு ஏரியை, வெற்றிலை போட்ட வாய்போல,
விட்டு விட்டுத் துப்ப வேண்டும்.
துப்பினால் படகுக்குச் சுகம்.

அன்று நான் பார்க்கவில்லை.

ஸ்காபரோவின் மண்மலைக்குக் கீழே
புளஃபர்ஸ் பார்க் படகுத்துறை, ஜூலைச் சனிக்கிழமை.
பன்னிரண்டு மணிநேர இரவு வேலை முடித்து
தியேட்டர் சவர்க்கார வாசம் கையில் போகாமல் வந்திருந்தேன்.
நிரோஜன் கயிற்றை அவிழ்த்தான். நான் சாவியைத் திருகினேன்.
படகின் பெயர் பெக்கி. பழைய சொந்தக்காரர் வைத்தது.
மாற்றினால் ஆகாது என்றார்கள், விட்டுவிட்டோம்.

துறையின் வாயைக்கூடத் தாண்டவில்லை.
ரப்பர் கருகும் மணம். பிறகு மணி அலறியது.
முள் எண்பதைக் கடந்து, தொண்ணூறைக் கடந்து
நாய் துரத்தினதுபோல ஓடியது.
அணைத்தேன்.
அந்த அமைதியில் ஒரு வாத்து எங்களைப் பார்த்தது.

படகின் அடியில் ஒரு துளை உண்டு,
வேண்டுமென்றே போட்ட துளை.
அதற்கொரு வால்வு, வால்வுக்கொரு சிவப்புக் கைப்பிடி.
குழாயோடு நேரே நின்றால் திறப்பு. குறுக்கே கிடந்தால் பூட்டு.
குறுக்கே கிடந்தது.
போன ஞாயிறு, வடிகட்டியில் வரிச்சிப்பி சுரண்ட
நான்தான் பூட்டினேன்.

தண்ணீர் வராத பம்பில்
ரப்பர்ச் சக்கரம் வெறும் உலோகத்தில் உரசும்.
அதற்குத் தண்ணீர்தான் எண்ணெய்.
ஒரு நிமிடம் போதும்.

யாரோ கயிறெறிந்து எங்களை இழுத்துவந்து கட்டினார்.
நிரோஜன் மூடியைக் கழற்றிச் சக்கரத்தை இடுக்கியால் பிடுங்கினான்.
ஆறு இதழில் நான்குதான் மிச்சம்.
"புதுசு ஒண்டு இருக்கு, போட்டிடுவம்."
"எண்ணு," என்றேன்.
"என்னத்தை?"

என் வேலையில், வயிற்றை மூடுமுன் எண்ணுவோம்.
பஞ்சு, ஊசி, கத்தி. உரத்து. இரண்டு பேராய்.
ஒன்று குறைந்தாலும் தையல் இல்லை,
எப்பேர்ப்பட்ட சர்ஜனும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.
பிய்ந்த இதழ் கரைந்துபோகாது.
நீரோடு போய், ஒடுங்கின இடம் பார்த்துக் குந்திக்கொள்ளும்.

வெப்பமாற்றி, முழங்கை நீளத்தில் ஓர் உருளை.
முனையைத் திறந்தால் இடியப்ப உரலின் கண்கள்போலச் செப்புக் குழல்கள்.
குழலுக்குள் ஏரி.
குழலுக்கு வெளியே, இன்ஜினையே சுற்றிச் சுற்றி
வேறெங்கும் போகத் தெரியாத பச்சைத் திரவம்.
இரண்டும் ஒருநாளும் கலப்பதில்லை.
நடுவில் தாள் கனத்தில் ஒரு செம்பு.
பச்சை சுமந்துவந்த சூட்டை ஏரி அந்தச் சுவர் வழியே வாங்கி,
வாங்கினதைச் சொல்லாமல், போய்விடுகிறது.

அந்தக் கண்களின் மேல் ஒன்று கிடைத்தது,
நாக்குப்போல ஒட்டிக்கொண்டு.
மற்றது இல்லை.

மூன்று மணி. பக்கத்துப் படகில் இறைச்சி சுட்டார்கள்.
நிரோஜன் பேச்சை நிறுத்தியிருந்தான்.
குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதினேன். வாயெல்லாம் பாசி.
பம்பை விட்டு வெளியேறும் வளைவில்
சுண்டுவிரலை விட்டுத் துழாவியபோது
ஏதோ மெத்தென்று அசைந்தது.

ஆறு, என்றேன்.
ஆறு, என்றான் அவனும், உரத்து,
எனக்காக.

ஐந்தரைக்குப் பெக்கி துப்பினாள்.
யார் பூட்டியது என்று அவன் கேட்கவில்லை.
பிரிம்லி ரோடு மேட்டில் கார் முனகி ஏறும்போது
நானாகச் சொன்னேன்.
"தெரியும்," என்றான். கியரை மாற்றினான்.

இப்போது சாவி வீட்டில் தொங்குவதில்லை.
படகின் அடியில், அந்தச் சிவப்புக் கைப்பிடியில் தொங்குகிறது.
முழங்காலிட்டு, இருட்டுக்குள் கையை விட்டு
வால்வைத் தொடாமல் அதை எடுக்க முடியாது,
எத்தனை இரவு விழித்தவளானாலும்.