மூன்று சதவீதம்

ஆல்டாவில் கிளம்பும்போது நூறு.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
பின்னிருக்கையில் கருவிப்பெட்டி, கம்பளித் துண்டுகள்,
கடலோரத் தேவாலயத்துப் பியானோவுக்கு
ஐந்து புதுக் கம்பிகள்.
எனக்குப் பாதி ரொட்டி.

முதல் இருபது கிலோமீட்டரிலேயே
பதினொன்று போய்விட்டது.
ஓடியதற்குக் கொஞ்சம்,
தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டதற்கு மீதி.
இப்படிச் சில மனிதர்களை எனக்குத் தெரியும்.

ஹீட்டரை அணைத்தேன்.
அணைத்த பிறகுதான் உறைத்தது,
அந்த விசிறி இவ்வளவு நேரமும்
சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே பாடியிருக்கிறது.
காதுதான் எனக்குச் சோறு போடுகிறது.
இஞ்சின் சத்தமில்லாத வண்டியில்
அதற்கு வேறு வேலையில்லை:
டயரின் இரும்பு முட்கள் பனிக்கட்டியைக் கொறிப்பது,
பெட்டிக்குள் கம்பிச்சுருள்
ஒவ்வொரு பள்ளத்துக்கும் 'ம்' கொட்டுவது,
என் மூச்சு கண்ணாடியில் படிந்து
படிந்தபடியே உறைவது.

லாக்செல்வில் சார்ஜர் ஒன்றுதான்.
நூறு நிறைந்த பிறகும் நகராமல்
ஒருவர் காருக்குள் தூங்கினார்.
கண்ணாடியைத் தட்டினேன்.
"தொண்ணூற்றொன்பதில் ஒரு நல்ல கனவு" என்று
கோபமில்லாமல் நகர்ந்துகொண்டார்.
குளிர்ந்த பேட்டரி காய்ச்சல்காரக் குழந்தை;
கரண்டி கரண்டியாகத்தான் இறங்கும்.
அறுபதில் என் பொறுமை தீர்ந்தது.

இஃப்யோர்ட் மலையடியில் தடுப்புக் கம்பம்.
பனி வாரும் வண்டி வரவேண்டும்,
அதன் பின்னால் வரிசையாகப் போகவேண்டும்.
அதுவரை நில்.
நின்றேன். எண் நிற்கவில்லை.

லாரியிலிருந்து இறங்கி வந்தார் கின்டாரஸ்,
லிதுவேனியாக்காரர், மீன் ஏற்றக் காலியாகப் போகிறவர்.
"பொம்மை வண்டிக்குள் உறையாதே, ஏறு."
அவர் இருக்கையில் டீசல் வாசமும் சோம்பு வாசமும்.
நான் எதிர்த்து ஓட்டு போட்ட அந்தச் சூட்டில்
வெட்கமில்லாமல் விரல்களை நீட்டினேன்.
"காலி லாரிக்குத்தான் காற்றென்றால் பயம்" என்றார்.

மேலே பாதை என்று எதுவும் இல்லை.
வெள்ளைக்குள் அவருடைய இரண்டு சிவப்பு விளக்குகள்.
மணிக்கு இருபது கிலோமீட்டர்.
ஊர்ந்து போனதில் எண் அசையவே இல்லை.
இறக்கத்தில், சத்தியமாக,
ஒன்று ஏறியது.

தேவாலய முற்றத்தில் மூன்று.
சாவி வைத்திருக்கும் நியில்லாஸ்
ஃபியூஸ் பெட்டியைத் திறந்து காட்டினார்.
"தேவாலயத்தைச் சூடாக்கலாம், இல்லையென்றால் உன் வண்டியை.
இரண்டும் கேட்டால் இருட்டுதான்."
நாளை மதியம் ஒரு கல்யாணம்.

குளிர்ந்த பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது
தூங்குகிறவனிடம் கையெழுத்து வாங்குவது மாதிரி.
காலையில் எழுந்து 'நானா?' என்று கேட்கும்.
வண்டியை வெளியே விட்டேன்.
நள்ளிரவில் பதினாறு டிகிரி ஆனதும்
முதல் ஆணியைத் திருகினேன்.
விடியும் நேரத்துக்குள் — இங்கே விடியாது,
கடிகாரம்தான் சொன்னது —
எண்பத்தெட்டுக் கட்டைகளும் ஒரு பேச்சுக்கு வந்தன.

முற்றத்தில் வண்டி காட்டியது: இரண்டு.
ஓரடி நகரவில்லை.
சும்மா இருந்ததற்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டது.

எதிர்வீட்டு ரிஸ்டன் சமையலறை ஜன்னல் வழியாக
ஆரஞ்சு நிற ஒயரைத் தூக்கிப் போட்டாள்.
இடுக்கில் கணவனின் காலுறைகளைத் திணித்தாள்.
யூனிட்டுக்கு எவ்வளவு என்றேன்.
"என் அக்கார்டியனில் ஒரு கட்டை ஒட்டிக்கொள்கிறது" என்றாள்.

முழுதாக ஏற முப்பத்தொரு மணி நேரம்.
ஆகவே கல்யாணத்துக்கு இருந்தேன்,
மூன்றாவது வரிசையில்,
பெண் வீட்டிலும் சேராமல் மாப்பிள்ளை வீட்டிலும் சேராமல்.
எல்லோரும் எழுந்து பாடினார்கள்.
நடுவில் ஒரே ஒரு கம்பி
லேசாக இறங்கியிருந்தது.
மணப்பெண் அழுதது அதனால் அல்ல.
வண்டியில் அப்போது பதினான்கு.