ஐந்தரை மீட்டர்

இருபத்திரண்டு வயதில் வாலாஜாவில்
ஒரு பள்ளிக்கூடம் எனக்குப் புடவை கட்டிவிட்டது.
சம்பளம் பேசுமுன் அதுதான் நிபந்தனை.
வழுக்கும் நைலக்ஸ், பதினோரு ஊக்கு,
நாற்பது பிள்ளைகளுக்கு முதுகு காட்டி
கரும்பலகைக்குக் கை உயர்த்தும்போதெல்லாம்
இடுப்பைத் தேடி ஓடும் இன்னொரு கை.
ஒரு சித்திரையில் பஸ் படியில் கொசுவத்தை மிதித்து
விழுந்தேன்.
முட்டியில் இன்னும் இருக்கிறது
அந்த வேலை கொடுத்த ஒரே சான்றிதழ்.

பிறகு பதினெட்டு வருஷம் சுடிதார்.
மின்வாரியம், சத்துவாச்சாரி,
ஸ்கூட்டியில் நாளைக்கு நூற்றிருபது மீட்டர் ரீடிங்.
புடவை கல்யாணத்துக்கு, சாவுக்கு.
மற்ற நாளெல்லாம் பீரோ மேல்தட்டில்
நாப்தலின் உருண்டைக்குத் துணை.

மேரி புளோராவுக்கு ஓர் ஆள் குறைந்தது.
கைத்தறிக் கடையின் மாதச் சந்தா,
ஒன்பதோடு நின்றுபோன பட்டியலில்
கேட்காமலே பத்தாவதாக என்னை எழுதினாள்.
தவணை முடிந்ததும் பணமாகத் தரமாட்டார்களாம்.
எதையாவது எடுத்துத் தொலைப்போம் என்று எடுத்தது
செங்கல் நிறம், கடுகுக் கரை,
ஓரத்தில் சங்கத்து முத்திரை கோணலாக.

கஞ்சி போட்டேன். கஞ்சியா அது, களி.
கதவு திறந்திருந்தால்
கொடியிலிருந்து இறங்கி அது தானே நடந்து வந்திருக்கும்.
கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம்.
சிரித்துச் சிரித்துத் தரையில் சரிந்த இளம்பரிதி,
ஒன்பதாம் வகுப்பு,
சரிந்த இடத்திலிருந்தே கொசுவத்தின் அடியை
ஒரு கையால் இழுத்து நீவிவிட்டான்,
மறு கையில் போன் விளையாட்டை நிறுத்தாமல்.
"இப்ப நேரா கீதும்மா."

அப்புறமும் அது மேல்தட்டுக்குத்தான் போனது.

கத்திரி வெயிலில் ஆறு நாள் குழாயில் காற்று மட்டும்.
துவைத்த துணி என்று வீட்டில் வேறொன்றும் இல்லை.
செங்கல் நிறத்தைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டியை மிதித்தேன்.
நூற்றொன்பது டிகிரி.
நாலாவது தெரு திரும்பும்போதுதான் தெரிந்தது,
ஒரு கைகூட இடுப்பைத் தேடவில்லை.
வியர்வையைத் துணி குடித்துவிட்டு
தன் பாட்டுக்கு மடிந்து கிடந்தது,
கீழிருந்து ஒரு காற்று
யாரையும் கேட்காமல் ஏறிக்கொண்டிருந்தது.
"இன்னா மேடம், ரீடிங்கா? பொண்ணு பாக்க வந்தீங்களா?"
நூற்றெண்பது யூனிட், என்றேன்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழம்பேச்சு உண்டு.
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்,
தண்ணீர் இல்லாத ஆறு, அழகில்லாத பெண்கள்.
டீ நேரத்தில் நவ்ஷாத் சார் இதைச் சொல்லி
கடைசி வரியில் எங்கள் மேஜைப் பக்கம் திரும்புவார்.
சாமி எப்போதோ திரும்பி வந்தாயிற்று.
ஒரு கார்த்திகையில் பாலாறு பாலத்தை உரசிப் போனதை
நானே நின்று பார்த்தேன்.
கோட்டையை விடுங்கள்.
அன்று சாயங்காலம் குளியலறைக் கண்ணாடி முன்
அந்தக் கடைசி வரியோடு கொஞ்ச நேரம் நின்றேன்.
கரண்ட் போனது.
எங்கள் ஆபீசுக்குத்தான் போன் பண்ண வேண்டும்.
பண்ணவில்லை, நின்றுகொண்டே இருந்தேன்.

ஆடியில், காகிதப்பட்டறையில்,
துருப்பிடித்த மீட்டர் பெட்டி முந்தானையைப் பிடித்தது.
கட்டைவிரல் நீளம்.
யார் வீட்டு வாசல் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.
எத்தனை சுடிதார் கிழிந்திருக்கிறது, அழுததில்லை.
கிழிந்த தலைப்பை உள்பக்கம் செருகி
மறுமுனையைத் தோளுக்குக் கொண்டுவந்தால்
வெளியே தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை,
அவமானத்தில் தானாகத் தோன்றியது.
இப்போது நடக்கும்போது அந்த இடம்
விலாவில் லேசாக உரசும்.

புளோராவிடம் அடுத்த சந்தாவுக்குப் பெயர் கொடுக்கப் போனேன்.
"பத்தும் ரொம்பிடுச்சு" என்றாள்.

பதினொண்ணு போடு.