பன்னிரண்டு டிகிரி

சாவியைத் தந்தபோது ஓலெஸ்யா சொன்னாள்:
"சும்மா உள்ளே வந்து நின்றால் போதும், வெர்னா."
ஸ்டெஃபன் அப்படி விடுகிற ஆளில்லை.
நிலவறைக்கு இறக்கிக்கொண்டு போனான்.
இது பிரதான வால்வு, மூடியாயிற்று.
இது எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற குழாய்,
கடைசிச் சொட்டுவரை வடித்தாயிற்று.
கழிவறைத் தொட்டி காலி.
வளைகுழாய்களில் இளஞ்சிவப்பாக ஒரு மருந்து ஊற்றியிருக்கிறேன், உறையாது.
நாய் நக்கிவிடாமல் பார்த்துக்கொள்.
அவர்கள் நாய் செத்து இரண்டு வருஷம்.
நான் தலையாட்டினேன்.
சூடு பன்னிரண்டு டிகிரியில் இருக்கிறது. அதை மட்டும் தொடாதே.

பிறகு இருவரும் மெக்சிகோக் கடற்கரைக்கு
ஐந்து வாரம்.

இன்சூரன்ஸ்காரன் போட்ட கணக்கு:
இரண்டு நாளைக்கு ஒருதரம்
யாராவது உள்ளே போய்ப் பார்த்து எழுதி வைக்கணும்,
இல்லாவிட்டால் ஒரு டாலர் பெயராது.
யார்க்டனில் அந்த வாரம் மைனஸ் முப்பத்தெட்டு.
விடிவதற்கு முன்பே பள்ளிப் பேருந்தை உறுமவிட்டு
பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில்
அவர்கள் வீடு.

பூட்ஸைக் கழற்றிவிட்டுக்
காலுறையோடு அறை அறையாக நடப்பேன்.
சலவை அறைச் சுவரில் உள்ளங்கை வைப்பேன்,
காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.
சமையலறைக் குழாயைத் திறப்பேன்.
ஒன்றும் வராது.
ஒன்றும் வராததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடுவேன்.
ஜனவரி 9. காலை 9.10. எல்லாம் உலர்ந்திருக்கிறது. வெ. லிசாக்.

தண்ணீர் நல்லதுதான்.
குளிர் ஏறினால் அதற்கு எலும்பு முளைக்கும்,
அவ்வளவுதான்.
முளைத்ததும் இடம் பற்றாது என்று
செம்பைக் கிழிக்கும்.
கிழித்த அன்று சத்தம் கேட்காது, ஈரம் தெரியாது.
இளகுகிற அன்றுதான் தெரியும்.

இதைப் பேருந்துக் கொட்டகையில் எல்லாரிடமும் சொன்னேன்.
தொட்டிக்கு அடியில் இருக்கிற கதவைத் திறந்து வையுங்கள்,
வெளிச்சுவர்க் குழாயைச் சொட்டவிடுங்கள் என்றேன்.
புதுசாக வேலைக்கு வந்த டாரல்
கையிலேயே எழுதிக்கொண்டான், பேனாவால்.

இருபத்து மூன்றாம் தேதி காற்று திரும்பியது.
மைனஸ் ஆறு. எல்லாரும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்கள்.
சாயங்காலம் என் வீட்டுக் கதவைத் திறந்து
கம்பளத்தில் கால் வைத்தேன்,
கம்பளம் பேசியது.

வாஷிங் மெஷினுக்குப் பின்னால்,
வடக்குச் சுவரில், ஒரு சாண் நீளம்,
மீன் வயிற்றைக் கீறின மாதிரி.
ஃபெர்லின் வந்து தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான்.
"இந்த மூலைக்குச் சூடே எட்டாதே, அம்மா.
யாரும் சொல்லவில்லையா?"
சொன்னார்கள் என்றேன்.
யார் என்று அவன் கேட்காதது அவன் பெருந்தன்மை.

சுவரை இடுப்பளவுக்கு அறுத்தெடுத்து
மூன்று காற்றாடிகளைச் சுழலவிட்டுப் போனான்.
அந்த இரைச்சலில் படுக்க முடியாது.
என் வீடு இன்சூரன்ஸ் தாளில் 'ஆள் இருக்கும் வீடு'.
இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்புகிறவளை
அப்படித்தான் எழுதுவார்கள் போல.
அதற்குள் போய் நின்று
ஒரு சுவரையாவது தொட்டுப் பார்த்து
எத்தனை நாளாயிற்று?

தலையணை ஒன்று, தண்ணீர்க் கேன் இரண்டு.
தெருவைக் கடந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன்.
கோட்டைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தேன்.
இங்கும் குழாயில் தண்ணீர் இல்லை,
ஆனால் அது சொல்லிவிட்டுப் போன தண்ணீர்.

குறிப்பேட்டை எடுத்தேன்.
ஜனவரி 23. இரவு 8.40.
குழாய்கள் காலி. சுவர்கள் உலர்ந்திருக்கின்றன.
பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு
அடியில் சேர்த்தேன்:
உள்ளே ஒரு ஆள்.

பிறகு எழுந்து போய்ப்
பதினாறுக்குத் திருப்பினேன்.
அதை எழுதவில்லை.