பதினெட்டாம் வண்டி

கேக் சுடும் அலுமினியத் தட்டைக் கவிழ்த்து
அதன் முதுகில் நான்கு வால்வுகளை நட்டிருக்கிறேன்.
விளக்கை அணைத்தால் அடுக்களையில்
நான்கு ஆரஞ்சுப் பொட்டுகள்.
கிதாரை இன்னும் யாரும் தொடவில்லை,
அதற்குள் உறுமுகிறது.

"குளிர்பெட்டியா?" என்கிறான் ஸெனோன்.
அதன் பிளக்கை நேற்றே பிடுங்கிப் பார்த்தாயிற்று.
பால் கெட்டதுதான் மிச்சம்.

ஒலியளவைத் திருகினால் உறுமலும் கூடவே ஏறுகிறது.
ஆக, கள்ளன் வாசல் பக்கம்.
முதல் வால்வைப் பிடுங்கினேன்: அமைதி.
செருகினேன்: மறுபடி.
சீனக் கடையில் கொடுத்த மூங்கில் குச்சியால்
ஒவ்வொரு கம்பியாக நெருடிப் பார்க்கிறேன்.
நானூறு வோல்ட்.
அணைத்தாலும் கெபாசிட்டர் எதையும் மறப்பதில்லை.
அதனால் இடது கை எப்போதும் கால்சட்டைப் பையில்,
நெஞ்சு வழியாக மின்சாரத்துக்குப் பாதை கிடையாது.

பக்கத்தில் பக்கத்தில் நேராக ஓடிய ஹீட்டர் கம்பிகளை
கயிறாகத் திரித்து மூலைக்கு ஒதுக்கினேன்.
ஐந்து இடத்தில் தொட்டிருந்த எர்த்தை
ஒரே போல்ட்டில் கட்டினேன்.
(ஐந்து வாசல் வைத்தால் சுற்றிச் சுற்றித்தான் வருவான்;
டிராம் பணிமனையில் கற்றது.)

உறுமல் போயிற்று.
துடைத்த இடத்தில் ஒரு பெண் குரல்:

"பதினெட்டு, கிலின்ஸ்கி தெரு முனை, இரண்டு பேர்."

ஸெனோன் சிரித்துச் சிரித்து ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தான்.
டாக்சி கம்பெனி!
கிதார் கேபிள் ஏரியல் ஆகிவிட்டது.
மருந்து தெரிந்ததுதான்,
வால்வின் காலோடு ஒட்டி ஒரு மின்தடை,
அறுபத்தெட்டு கிலோ ஓம், ஒரு சொட்டு ஈயம்.

அவளுக்கு இருமல்.
ஏழாம் வண்டியிடம் ரொட்டி வாங்கிவரச் சொல்கிறாள்.
டிரைவர்களின் பதில் இதுவரை எட்டுவதில்லை,
அவள் மட்டும்தான்.
இரண்டே முக்காலுக்கு,
"பதினெட்டு, இருக்கியா?"
கொஞ்சம் கழித்து, "பதினெட்டு?"
பிறகு பெயர் சொல்லி, "ரோமெக்?"

"போடு போக்னா, ஈயம் காயுது."
"இரு."
வெளியே பனி ஜன்னலின் பாதியை மூடியிருந்தது.
ஸெனோன்கூட வாயை மூடிக்கொண்டான்.

"சரி. சரி, பதினெட்டு.
இனிமே சொல்லிட்டுப் போ."

அணைத்தேன்.
கெபாசிட்டரைக் காலிசெய்து பற்றவைத்தேன்.

இப்போது வால்வுகளின் மெல்லிய இரைப்பு மட்டும்.
அது கோளாறல்ல, சூடானால் எதுவும் இரைக்கும்.
ஸெனோன் ஒரே ஒரு கார்டு வாசித்தான்,
மாடிக்காரர் தரையை உதைத்தார்.
இது நல்ல ஆம்ப்.

நாலரைக்கு முதல் டிராம்கூட வரவில்லை.
அவனுக்காகப் போன் செய்தேன்.
"சொல்லுங்க" என்றாள்,
இருமினாள்.

தெருவைச் சொன்னேன்.
மூன்றாம் மாடி, மணி அடிக்காது என்றேன்.
ஒரு ஆள், ஒரு கிதார்.
வேறென்ன சொல்வது?

"பதினெட்டு வரும்" என்றாள்.

போனை வைத்த பிறகுதான் பார்த்தேன்:
இடது கை இன்னும் பைக்குள்ளேயே.