ஆயிரத்து இருபத்தொன்று

பதினேழு வரி.
பதினான்கு பச்சை, மூன்று சிவப்பு.
ஓட்டோமார் அனுப்பிய திருத்தம் இவ்வளவுதான்.
தார்த்துவில் இரவு பதினொன்றரை.
எமயோகி ஆற்றின் மேல் பனி இறுகும் சத்தம்
என் ஜன்னல்வரை வருவதில்லை;
வருவதாக நினைத்துக்கொண்டு
தேநீர் ஊற்றுகிறேன்.

ஓட்டோமாருக்கு நிரல் தொழிலல்ல.
சதுப்புக்காட்டில் ஆந்தைகளை எண்ணுகிறவர்.
பிப்ரவரியில் பைன் மரங்களில்
நாற்பது ஒலிப்பெட்டிகளைக் கட்டிவிட்டு வந்தார்.
மைனஸ் இருபத்தாறு.
மின்கலங்கள் செத்தன,
உச்சி வெயில் பட்டுச் சற்றே பிழைத்து
எழுதத் தொடங்கி
மறுபடி செத்தன.
ஒவ்வொரு சாவுக்கும் ஓர் அரைகுறைக் கோப்பு:
பெயர் உண்டு, தேதி உண்டு,
நீளம் என்ற இடத்தில் பூஜ்யம்.

நல்ல கோப்புகளிடம் எங்கள் வாசிப்பான்
மரியாதையாகத்தான் நடந்துகொண்டது.
திறக்கும், படிக்கும், மூடும்.
குறையுள்ளதைக் கண்டால் மட்டும்
'பிழை' என்று ஒரு சொல்லை வீசிவிட்டு
வந்த வழியே ஓடிவிடும், கதவைச் சாத்தாமல்.
நட்டாற்றில் விட்டதுபோல்
அவை திறந்தபடியே கிடந்தன.

ஒரு நிரலுக்குக் கணினி தருவது
ஆயிரத்து இருபத்துநான்கு கைப்பிடி.
அதில் மூன்று முதலிலேயே போய்விடும்:
கேட்க ஒன்று, சொல்ல ஒன்று, புலம்ப ஒன்று.
மிச்சம் ஆயிரத்து இருபத்தொன்று.
அத்தனையையும் ஊமைக் கோப்புகள் பிடித்துக்கொண்டபின்
வந்து நின்றது ஒரு முழுக் கோப்பு,
நாற்பது நிமிடம், குறையே இல்லாதது.
இடமில்லை என்று கை விரித்தது கணினி.

இப்போது திருத்தம் சொல்வது:
பிழையா, முதலில் மூடு, பிறகு கத்து.
நல்ல ஒழுங்கு. எனக்கு வராத ஒழுங்கு.
சோதனையும் எழுதியிருக்கிறார்.
ஐயாயிரம் கெட்ட கோப்புகளை ஊட்டிவிட்டு
எண்ணிப் பார்க்கிறது: மூன்றே கைப்பிடி.
ஒப்புதல் பொத்தானுக்குப் போன விரல்
பன்னிரண்டாம் வரியில் நின்றது.

பாதை கொடுத்தால் வாசிப்பான் தானே திறக்கும்.
சில வேளை வேறொருவர் திறந்த கோப்பையே
கையில் தருவதும் உண்டு,
பார்த்துவிட்டுத் தா என்று.
பன்னிரண்டாம் வரி அதையும் மூடுகிறது.
கொடுத்தவர் வந்து தொட்டால்
உயிரில்லாத கைப்பிடி.

மேல்வீட்டு ஹெல்வி சாவி தந்துவிட்டு
பார்னுவுக்குப் போயிருக்கிறாள், செடிக்கு நீர் ஊற்றச் சொல்லி.
சமையலறை ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது.
நல்லது செய்வதாக நினைத்து இழுத்துச் சாத்தினேன்.
வெளியே தொங்கிய வெப்பமானியின் ஒயர்
நசுங்கியது.

எழுதுகிறேன்:
'ஓட்டோமார், நாம் திறந்ததை நாம் மூடுவோம்.
இரவல் வந்ததைத் திறந்தபடியே திருப்பித் தருவோம்.
ஒரு குறி போதும்: திறந்தது நான்தானா?'

தேநீர் ஆறுமுன் பதில்.
அவரும் தூங்கவில்லை.
இரண்டு வரி கூடியிருந்தது.

அந்த முழுக் கோப்பை ஓட்டிப் பார்த்தேன்.
காற்று. காற்று. கிளை ஒன்று முறிந்தது.
ஆந்தை கடைசிவரை வாய் திறக்கவில்லை.
முப்பத்தோராம் நிமிடத்தில்
பனியில் பூட்ஸ் சத்தம்;
மூச்சுவாங்க யாரோ குனிந்து
ஈரத் தீப்பெட்டியைத் திட்டுவதுபோல்
பெட்டியைத் திட்டுகிறார்.
அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

ஒப்புதல் கொடுத்தேன்.
ஹெல்விக்குத் தொடங்கிய செய்தி மட்டும்
'அந்த ஜன்னல்' என்பதோடு
திறந்து கிடக்கிறது.