ஏழாவது வரி

ரெகுவா நகர வங்கியின் மாடியில்
விண்ணப்பத்தின் ஏழாவது வரி
தொழில் என்ன என்று கேட்கிறது.
கட்டம் என் கட்டைவிரல் அகலம்.

எதை எழுதட்டும், சென்யோர் அன்செல்மு?

பதினேழில் நான் ஒரு ஜோடிக் கால்கள்.
கருங்கல் தொட்டியில் தொடைவரை திராட்சை,
தோளோடு தோள் கோத்துப் பன்னிரண்டு பேர்,
இடம், வலம், இடம், வலம்,
முதல் இரண்டு மணிநேரம் யாரும் பேசக் கூடாது.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று
என்னைச் சொல்கிறவர்கள்
அந்தச் சேற்றைக் குடித்துப் பார்த்ததில்லை.
ஊதா போக நவம்பர் ஆனது.

பிறகு வெறும் மூக்கு.
தக்கைத் தொழிற்சாலையில்
ஜாடிக்கு ஒன்றாக நீரில் ஊறும் தக்கைகள்,
மதியத்துக்குள் நூறு, மாலைக்குள் நூறு.
நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால்
சிவப்புக் கோடு.
அத்தர் பூசக் கூடாது, பூண்டு தின்னக் கூடாது,
சளி பிடித்தால் சம்பளம் இல்லை.
இரண்டு முறை பிடித்தது.

ஆற்றுக் கப்பலில் முட்டை வேகவைத்தேன்.
எண்பது பயணிகள், எண்பது பதம்.
அதைப் பற்றி நீட்ட விருப்பமில்லை.

போர்ட்டோவில் எட்டாவது மாடிப் படுக்கை விரிப்புகள்.
மத்தோசின்யுஷில் மத்திமீன் அடுப்பு;
ஒரு புருவம் இன்னும் சரியாக முளைக்கவில்லை, பாருங்கள்.
ஹாம்பர்க்கில், பனி உறைந்த துறைமுகத்துக்கு எதிரே,
என்னால் வாங்க முடியாத ஒயினைப் பற்றி
வாங்க முடிந்தவர்களிடம்
ஜெர்மன் மொழியில் பேசிக்கொண்டிருந்தேன்.
கெட்டதையும் ஊற்று, அவர்களுக்குத் தெரியாது
என்றார் முதலாளி.
எனக்குத் தெரிந்தது.
அந்த மாதச் சம்பளம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

அண்ணன் ரயில்வேயில். முப்பது வருடம், ஒரே தொப்பி.
அம்மா தொலைபேசியில் கேட்பாள்:
இப்போது நீ என்னவாக இருக்கிறாய், கிராசியெத்?

நான் கேட்கும் கடன் ஆறு அறைகளுக்கு,
ஒரு நீள மேசைக்கு.
கூரை ஒழுகும் என்று பத்திரத்திலேயே இருக்கிறது.
எங்கே ஒழுகும் என்று எனக்குத் தெரியும்.
மழையன்று போய்
ஆறு அறையிலும் தரையில் படுத்துப் பார்த்தேன்.

அன்செல்மு பேனாவைத் தட்டுகிறார்.
கடைசி வேலையைப் போட்டுவிடலாமா?
காபி வருகிறது.
என் கை தானாகப் போய்
அவர் கோப்பையின் காதை
இடப்பக்கம் திருப்பி வைக்கிறது.
நிமிர்ந்து பார்க்கிறார்.
இடக்கையால்தானே எழுதுகிறீர்கள், என்றேன்.
இருபத்தாறு வருடமாக இந்த நாற்காலி, என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகு கட்டத்தில் எதையோ எழுதினார்.
மேசைக்கு அந்தப் பக்கம் நின்று
முன்பதிவுப் புத்தகத்தைத் தலைகீழாக வாசித்தே
பாதி ஆயுள் போனவள் நான்;
அவருக்கு அது தெரியாது.
பலவகை, என்று எழுதினார்.
அடித்தார்.
விடுதி நடத்துபவர்.
பக்கத்தில், பென்சிலில், பொடியாக
ஒரு கேள்விக்குறி.

வியாழக்கிழமை தெரியும் என்றார்.
எழுந்தபோது இரண்டு காலிக் கோப்பைகளும்
என் கையில் இருந்தன.
கழுவுகிற இடம் எங்கே என்று
கேட்டும் விட்டேன்.