ஒன்றரை வரி

பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில்
பேனாவை மேசையோடு
நூலால் கட்டி வைத்திருக்கிறார்கள்.
ஏழாம் இலக்கம்:
சுயதொழில் தொடங்குவதற்கான காரணம்.
விட்டிருக்கும் இடம் ஒன்றரை வரி.

மத்திய வீதிப் புடவைக்கடையில்
மூன்று மாதம் நின்றேன்.
முதலாளி குரல் உயர்த்தாத மனுசன்.
"முன்னுக்கு நில்லாமல் உள்ளுக்கிருந்து மடியுங்கோ பிள்ளை,
கறுப்பைக் கண்டால் சனம் படியேற யோசிக்குது."
மடித்தேன்.
மஃரிபுக்குப் பிறகு ஓட்டோவில் வந்து இறங்குகிறாள் என்று
காக்கா கட்டாருக்குப் போன் போட்டார்.
கட்டாரிலிருந்து அவர்,
"வீட்டோட இருந்து என்னமும் செய்யலாம்தானே."

வீட்டோட என்பது
ஒரு காஸ் அடுப்பு, ஒரு தாச்சி,
ஜமாலியாவில் ரோட்டைப் பார்க்காத ஒரு ஜன்னல்.

ரோல்ஸ் சுற்றப் பழகினேன்.
கடைகளுக்குக் கொண்டுபோகிறவன் அஸ்ஜத், வயது பதினொன்று.
பெட்டியின் ஸ்டிக்கரிலும் அவன் பெயர்தான்.
எண்ணெய் தெறித்த தழும்பு மட்டும் என்னுடையது.

வரிசையில் எனக்கு முன்னால் பவளராணி, திருக்கடலூர்.
இடியப்பம் அவிக்கிறவள்.
புருசன் சீனி வருத்தத்தில் போய் நாலு வருசம்.
தோணி தள்ளப் போகிறவர்கள்
விடியக் காலையில் அவள் முகத்தில் முழிக்க மாட்டார்கள்.
பசிக்கும், என்ன செய்கிறது,
மதிலுக்கு மேலால் பாத்திரம் வரும், காசு வரும்.
இந்தப் பக்கமிருந்து கை மட்டும் போகும்.
"கைக்கு முழுவியளம் பார்க்கிறேல்லை ராத்தா" என்றாள்.

"வட்டி இருக்கா சேர்?"
உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"வட்டியில்லை. சேவைக் கட்டணம்."
"எவ்வளவு?"
"ஆறு வீதம்."
பவளராணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
எனக்கும் வந்தது, பாதியில் நின்றது.
பள்ளியில் கேட்கலாம்.
கேட்டால் பதில் வரும், அதுதான் பயம்.

சுவரில் மாதிரிப் படிவம் ஒட்டியிருந்தது.
'குடும்ப வருமானத்தை அதிகரித்துக் கொள்வதற்காக.'
அதைப் பார்த்து அவள் எழுதினாள்,
அவளைப் பார்த்து நான்.
ஒன்றரை வரிக்குள் அளவாக நின்றது,
ஒரு சொல்லும் வெளியே தொங்கவில்லை.

கடைசிப் பக்கம், பிணையாளியின் முழுப்பெயர்.
அரசாங்க உத்தியோகம் பார்க்கிற ஆம்பிளை
அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.
குழுவாக எடுத்தால் ஆளுக்காள் பிணை நிற்கலாமாம்.

"உங்கட பேர் எப்பிடி எழுதிறது?
நுசைபாவோ, நுஸைபாவோ?"

பேனாவின் நூல் அந்த மூலைக்கு எட்டவில்லை.
படிவத்தை அவள் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.